கொளஞ்சியம்மாளும் கரடிப்பொடவும்

நாற்று முடியைத் தண்ணீரில் அலசி, வேர் மண்ணைக் காலில் தட்டி உதறிக்கொண்டே கொளஞ்சியம்மாள் குகைக்குள் போய்க்கொண்டிருந்தார். உடம்பு என்னவோ வடக்கனந்தலில் என் நாற்றங்காலில்தான் இருந்தது. வாய்தான் கல்வராயன் மலையேறி, வெள்ளிமலை தாண்டி, கரடிப்பொடவுக்குள் நுழைந்திருந்தது.

“பூந்த ஒடனே நிமுந்துடாத, தல இடிக்கும். எடது கைப்பக்கம் பாறைய தொட்டுக்கினே போ. ஒரு எடத்துல சில்லுனு காத்து வரும். அங்க நின்னு மூச்சு வுட்டுக்க. அப்பறம் பாரு, ஆன படுத்துக்கினு இருக்கிற மாதிரி ஒரு கல்லு. அத சுத்திக்கினு போனா கன்னிமாரு.”

இந்த வருஷம்தான் நடவுக் கூட்டத்தில் சேர்ந்த செவ்வந்தி, பறித்த நாற்றைக் கையில் வைத்தபடியே கேட்டுக்கொண்டிருந்தாள். “கரடி இருக்குமா பெரிம்மா?”

“பேருதான் கரடி. உள்ள வவ்வாலுதான் ஜாஸ்தி. பேசறத நான் பேசறேன், நீ கைய ஆட்டு.”

கொளஞ்சியம்மாள் ஐம்பது வயதைத் தொட்டிருக்கலாம். களமருதூரில் பிறந்து வடக்கனந்தலுக்கு வாக்கப்பட்டு வந்தவர். சொந்தமாக ஒரு சாண் நிலம் கிடையாது. ஆனால் கோமுகி அணையில் தண்ணீர் திறந்துவிட்டால் இந்தப் பக்கத்து நிலக்காரர்கள் எல்லோரும் அவருக்குத்தான் முதலில் போன் செய்வார்கள். நடவுக்குப் பெண்களைச் சேர்த்து, வயல் வயலாகக் கூட்டிப்போய், வரிசை கோணாமல் நட்டு முடித்துக் கரையேற்றுவது அவர் பொறுப்பு. புடவைக்கு மேல் கணவருடைய முழுக்கைச் சட்டை, தலையில் ஈரிழைத் துண்டு, கழுத்தில் பிளாஸ்டிக் உறைக்குள் தொங்கும் செல்போன். கையெல்லாம் சேறாக இருக்கும்போது போன் அடித்தால் மூக்கு நுனியால் அழுத்தி எடுத்துவிடுவார். அடுத்த முனையில் இருப்பவர் காதைக் கொஞ்சம் தள்ளி வைத்துக்கொள்வது நல்லது.

அப்பாவுக்கு முடியாமல் போனதும் ஊர் திரும்பி நிலத்தைப் பார்க்க ஆரம்பித்தவள் நான். முதல் வருஷம் எனக்கு நெல்லுக்கும் களைக்கும் வித்தியாசம் தெரியாது. கொளஞ்சியக்கா சொன்னதை எல்லாம் அப்படியே நம்பினேன். கரடிப்பொடவையும் அப்படித்தான் நம்பினேன். பொடவு என்றால் மலைக்காரர்கள் பேச்சில் குகை. உள்ளே எந்தக் கல்லில் கால் வைக்கலாம், எந்தக் கல் வழுக்கும், தண்ணீர் எந்த மூலையில் சொட்டும் என்று அவர் விவரிக்கிற அழகைக் கேட்டால், அந்தக் குகையைக் கட்டும்போது கூட நின்று கல் எடுத்துக் கொடுத்தவர் என்றுதான் தோன்றும்.

இரண்டாம் வருஷம் நடவு முடிந்து கூட்டம் குகைக்குக் கிளம்பியபோது நானும் அவர்களோடு வேனில் போனேன். அங்கே போய்த்தான் தெரிந்தது, கொளஞ்சியம்மாள் ஒரு நாளும் கரடிப்பொடவுக்குள் கால் வைத்ததில்லை.

மற்றவர்கள் உள்ளே போய் வருகிறவரைக்கும் வாசலில் உட்கார்ந்திருப்பார். ஒருத்தி வெளியே வந்தவுடன் மணிக்கட்டைப் பிடித்துக்கொள்வார். “எங்க குனிஞ்ச? எங்க நிமுந்த? தண்ணி இந்த வருசம் எந்தப் பக்கமா சொட்டுது? ஆன கல்லு மேல பாசி புடிச்சிருக்குதா?” பதில் சொல்லாமல் யாரும் நகர முடியாது. இப்படி வருஷா வருஷம் ஒவ்வொருத்தி வாயிலிருந்தும் கொஞ்சம் கொஞ்சமாகப் பிடுங்கிச் சேர்த்து, மனசுக்குள் ஒரு முழுக் குகையையே கட்டி வைத்திருந்தார். அதில்தான் செவ்வந்தியைப் போன்றவர்களைக் கூட்டிப்போய்ச் சுற்றிக் காட்டிக்கொண்டிருந்தார்.

போகாததற்குக் காரணம் பயம்தான். மூடிய இடம் என்றால் அவருக்கு ஆகாது. பஸ்ஸில் படிக்கட்டை ஒட்டிய சீட்டு கிடைக்காவிட்டால் அடுத்த பஸ்ஸுக்கு நிற்பார். குளியலறைக் கதவைச் சாத்த மாட்டார். உள்ளே ஆள் இருப்பது ஊருக்குத் தெரியட்டும் என்று சத்தமாகப் பாடுவார். கல்யாணத்துக்குப் போன இடத்தில் எல்லோரும் லிஃப்டில் போக, இவர் மட்டும் புடவையைத் தூக்கிச் செருகிக்கொண்டு படியேறி, அவர்களுக்கு முன்னால் போய்ப் பந்தியில் உட்கார்ந்ததை இன்றைக்கும் பெருமையாகச் சொல்வார். இடுப்பு வலிக்கு ஸ்கேன் எடுக்கப் போனபோது, குழாய் மாதிரி இருந்த இயந்திரத்துக்குள் படுக்கச் சொன்னார்களாம். “இந்த வலியே தேவலம்மா” என்று எழுந்து வந்துவிட்டார்.

“சின்ன வயசுல ஏதாவது நடந்துச்சாக்கா?” என்று ஒருமுறை கேட்டேன். படித்த புத்தி எதற்கும் காரணம் தேடுமே.

“ஒண்ணும் நடக்கல நிர்மலாம்மா. பசிக்கு காரணம் கேப்பியா? பயமும் அப்டித்தான், தானா வருது. மூடுன எடத்த பாத்தா மூச்சு கம்மியாயிடுது. ஆனா அந்தப் பொடவுக்குள்ள இன்னா இருக்குதுன்னு மட்டும் ராவும் பகலும் மனசு கேட்டுக்கினே இருக்குது. போவவும் முடியல, வுடவும் முடியல.”

நடவுக் கூட்டங்களுக்கும் இந்தக் குகைக்கும் ஒரு வழக்கம் இருக்கிறது. நடவுப் பட்டத்தின் முதல் வயலில் முதல் நாற்றை ஊன்றிய கை எதுவோ, அந்தக் கைதான் கடைசி வயலில் மிஞ்சும் ஒரு முடி நாற்றைக் கொண்டுபோய்ப் பொடவுக்குள் கன்னிமார் காலடியில் வைக்க வேண்டும். வேறு கை வைத்தால் அடுத்த பட்டத்துக்குள் கூட்டம் கலைந்துவிடும் என்பார்கள். நம்புகிறார்களா என்று கேட்டால் சிரிப்பார்கள். ஆனால் மீற மாட்டார்கள்.

கொளஞ்சியக்கா இதற்கு ஒரு வழி வைத்திருந்தார். முதல் நாற்றை எப்போதும் இருசம்மாளை ஊன்றச் சொல்லிவிடுவார். இருசம்மாள் கூட்டத்தில் அவருக்கு அடுத்தபடி, சின்ன வயதிலிருந்து கூட நடுகிறவர். “உன் கை ராசியான கைடி” என்று மரியாதை கொடுப்பது போலக் கொடுத்து, குகையையும் சேர்த்து அவர் தலையில் கட்டிவிடுவார். இருசம்மாளுக்கு விஷயம் தெரியும். தெரிந்தும் தெரியாதது போல இருந்துவிடுவார்.

இந்த வருஷம் முதல் நடவு என் வயலில். அன்று காலை இருசம்மாளின் மகளுக்கு வலி கண்டுவிட்டது என்று சங்கராபுரத்திலிருந்து போன் வந்தது. போட்டது போட்டபடி பஸ் ஏறிவிட்டார். இங்கே நான் செல்போனைப் பார்த்துப் பார்த்து, “அக்கா, ராகு காலம் வந்துடப்போகுது, அக்கா” என்று வரப்பில் நின்று அரித்துக்கொண்டிருந்தேன். கொளஞ்சியக்காவுக்கு எரிச்சல் வந்துவிட்டது. விறுவிறுவென்று ஈசானிய மூலையில் இறங்கினார், குனிந்தார், ஒரு குத்து நாற்றை ஊன்றிவிட்டு நிமிர்ந்தார்.

எல்லாப் பெண்களும் அவர் கையைப் பார்த்தார்கள். அவரும் பார்த்தார்.

“பெரிம்மா, அப்ப இந்த வருசம் பொடவுக்குள்ள நீதான?” என்றாள் செவ்வந்தி. பாவம், அவள் பெருமையாகத்தான் கேட்டாள்.

கொளஞ்சியக்கா குனிந்து அந்த நாற்றைப் பிடுங்கப் போனார். “புடுங்காத, புடுங்காத” என்று நாலு பக்கமிருந்தும் குரல் வந்தது. நட்டதைப் பிடுங்கினால் அது இன்னும் பெரிய குற்றமாம். கையை எடுத்துக்கொண்டு, என்னை ஒரு பார்வை பார்த்தார். ராகு காலத்தை நானே கையோடு கூட்டிக்கொண்டு வந்தது போல இருந்தது அந்தப் பார்வை.

அந்தப் பட்டம் முழுக்க அவர் வாயில் குகைப் பேச்சே இல்லை. இடையில் ஒரு நாள் மத்தியானம், மற்றவர்கள் சாப்பிட்டுக்கொண்டிருந்தபோது என்னை மோட்டார் கொட்டகைக்குக் கூட்டிப் போனார். “நான் உள்ள நிக்கிறேன். நீ கதவ சாத்திப்புட்டு வெளிய நின்னு பேசிக்கினே இரு” என்றார். பயிற்சியாம். நான் கதவைச் சாத்தி, “அக்கா, இந்த வருஷம் மழை…” என்று ஆரம்பித்தேன். கதவு திறந்துகொண்டது. நெற்றியில் வேர்வை முத்து முத்தாக நின்றது. என் மேல் சாய்ந்தாற்போல நின்று மூச்சு வாங்கினார். எனக்குச் சிரிப்பு வரவில்லை, நிஜமாகவே பயமாகிவிட்டது. வேண்டாம் அக்கா, வழக்கம் கிடக்கட்டும் என்றேன்.

“வழக்கம் கெடக்குது. எனக்கே பாக்கணும்” என்றார்.

கார்த்திகையில் ஒரு ஞாயிற்றுக்கிழமை வேன் புறப்பட்டது. ஓட்டிய அஜித்குமார் கொளஞ்சியக்காவுக்குத் தூரத்து உறவு. கச்சிராயபாளையம் தாண்டி மலைப்பாதை தொடங்கியதும் பாட்டை ஏற்றி வைத்தான். பெண்கள் ஜன்னலில் கைதட்டினார்கள். புளிச்சோற்று வாசனையும் மசால் வடை வாசனையும் வேனை நிரப்பியிருந்தன. கொளஞ்சியக்கா படிக்கட்டை ஒட்டிய சீட்டில், நனைத்த சாக்கில் சுற்றிய நாற்று முடியை மடியில் வைத்துக்கொண்டு, ஒரு வடையைக் கையில் பிடித்துத் தின்னாமல் உட்கார்ந்திருந்தார். அவர் வடையைத் தின்னாமல் வைத்திருந்ததை அன்றைக்குத்தான் பார்த்தேன்.

வேன் நின்ற இடத்திலிருந்து மரவள்ளிக் கொல்லை ஓரமாக நடந்து, கடுக்காய் மரங்களுக்கு நடுவே இறங்கினால் கரடிப்பொடவு. பெரிய பாறை ஒன்று முன்னால் கவிழ்ந்திருக்கும். அதன் அடியில் மாட்டுக் கொட்டகை வாசல் உயரத்துக்கு ஒரு திறப்பு. கிட்டே போனால் குளிர்ந்த காற்று வந்து காலில் படும், வவ்வால் வீச்சத்தோடு. அந்தக் காற்று பட்டவுடன் எனக்கு உள்ளே போக வேண்டும் போலவும், திரும்பி ஓட வேண்டும் போலவும் ஒரே நேரத்தில் இருந்தது. போன வருஷமும் இப்படித்தான் இருந்தது. போன வருஷம் நான் வாசலிலேயே நின்று எல்லோரையும் படம் எடுத்தேன். யாராவது ஒருவர் படம் எடுக்கத்தானே வேண்டும்.

கொளஞ்சியக்கா நாற்று முடியை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு திறப்பை நோக்கிப் போனார். தலையை உள்ளே நீட்டினார். உடனே வெளியே இழுத்துக்கொண்டார். தண்ணீர் குடித்தார். மறுபடி போனார். இந்தத் தடவை தோள் வரை உள்ளே போயிற்று. செல்போன் விளக்கை அடித்துப் பார்த்தார். வெளிச்சம் கொஞ்ச தூரம் போய் நின்றுவிட்டது, அதற்குப் பின்னால் இருட்டு இன்னும் கெட்டியாகத் தெரிந்ததாம். வெளியே வந்து பாறையில் கை ஊன்றிக்கொண்டார்.

இருசம்மாள் கிட்டே வந்து கையை நீட்டினார். “குடு கொளஞ்சி. நானே வெச்சிட்டு வரேன். உன் சங்கதி கன்னிமாருக்கு தெரியாதா?”

“வேணான்டி.”

“கூட்டம் ஒண்ணும் கலஞ்சிடாது. நாங்க எங்க போவப்போறோம்?”

“அதுக்கில்லடி இருசா. இத்தினி வருசமா வாயாலயே பாத்துக்கினு கெடக்கிறேன். ஒரு வாட்டியாவது கண்ணால பாக்க வேணாமா?”

செவ்வந்திக்கு அப்போதுதான் எல்லாம் புரிந்தது. அவள் கண்ணை அகல விரித்துக்கொண்டு என்னைப் பார்த்தாள். நான் தலையாட்டினேன். அவள் சிரிப்பாளோ என்று பயந்தேன். சிரிக்காமல் போய்ப் பெரிம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டாள். எனக்கு அவளை மிகவும் பிடித்துப்போயிற்று.

கொளஞ்சியக்கா அந்தத் திறப்பையே கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டு நின்றார். பிறகு என்ன தோன்றியதோ, அதற்கு முதுகைக் காட்டித் திரும்பி நின்றார். எதிரே மலைச் சரிவு, வெயில், மரவள்ளிக் கொல்லை, நான். புடவையை வாரிச் செருகினார். நடவுக்குக் குனிவது போலக் குனிந்தார். ஒரு கால் பின்னால் போயிற்று.

“இப்டியே வரேன்டி. எனக்கு என்னிக்கு முன்னால நடந்து பழக்கம்? பின்னால போயித்தான பொழைக்கிறோம்.”

உண்மைதான். நடவு என்பது நாளெல்லாம் குனிந்தபடி பின்னால் போகிற வேலை. கண்ணுக்கு முன்னால் நட்ட பயிர் இருக்கும், நடாத சேறு முதுகுக்குப் பின்னால் இருக்கும். எங்கே பள்ளம், எங்கே மேடு என்று குதிகால்தான் பார்த்துச் சொல்லும். மற்றவர்களும் கலகலவென்று சிரித்துக்கொண்டு அவருக்குப் பின்னால் போய் வரிசை கட்டினார்கள். எல்லோரும் வெளிச்சத்தைப் பார்த்துக் குனிந்து நின்றார்கள்.

இருசம்மாளுக்கு மட்டும் ஒரு சந்தேகம். “சாமிக்கு முதுக காட்டிக்கினு போவலாமா கொளஞ்சி?”

“நடாத சேத்துக்கு தெனந்தோறும் முதுகத்தான காட்டுறோம். அது கோச்சிக்கினு வெளையாம போவுதா? நீ பின்னால போயி எம் இடுப்ப புடி.” பிறகு என்னைப் பார்த்தார். “நிர்மலாம்மா, நீ எங்கியும் போயிடாத. அங்கியே நில்லு. உன் மூஞ்சிய பாத்துக்கினேதான் போவேன்.”

போனார். பாறை நிழல் முதலில் அவர் முதுகில் விழுந்தது, பிறகு தலைத் துண்டில், பிறகு நெற்றியில். கண் மட்டும் என்னை விடவில்லை. உள்ளேயிருந்து யாரோ குலவையிட்டார்கள். மற்றவர்கள் எடுத்துக்கொண்டார்கள். குகை அதை வாங்கிப் பெரிதாக்கித் திருப்பித் தந்தது. அந்தச் சத்தத்தில் வவ்வால் கூட்டம் ஒன்று அவர் தலைக்கு மேலாக விருட்டென்று வெளியே பறந்தது. அவர் முகம் ஒரு கணம் சுருங்கிப்போனது. சரி, ஓடி வந்துவிடப் போகிறார் என்று நினைத்தேன். “போவட்டும், போவட்டும். நம்ம வந்தா அதுங்களுக்கு பயம் இருக்காதா?” என்றார். அப்புறம் முகம் மங்கிற்று. கடைசியில் சட்டையின் வெள்ளைப் பட்டன்கள் மட்டும் கொஞ்ச நேரம் தெரிந்தன. பிறகு அதுவும் தெரியவில்லை.

குலவை நின்றது. நான் வாசலில் நின்று ஆன மட்டும் காதைக் கொடுத்தேன். தண்ணீர் சொட்டும் சத்தம் கேட்டது. வேறு எதுவும் கேட்கவில்லை. மோட்டார் கொட்டகைக் கதவு ஞாபகம் வந்தது. ஏதாவது ஆகிவிட்டால் ராகு காலம் என்று அவசரப்படுத்திய பாவம் என்னைத்தான் சேரும் என்று நினைத்தபோது அழுகையே வந்துவிட்டது.

அப்போது உள்ளேயிருந்து கொளஞ்சியக்காவின் குரல் கணீரென்று வந்தது.

“எவடி இத ஆன கல்லுன்னு சொன்னவ? வெள்ளாட்டுக்குட்டி அளவுதான இருக்குது.”

பெண்கள் சிரித்த சிரிப்பில் குகையே சிரிப்பது போல இருந்தது. யார் சொன்னது, நானா சொன்னேன், நீதான் சொன்ன என்று ஒரு பெரிய பஞ்சாயத்து உள்ளே நடந்தது. அது முடிந்து மறுபடி அமைதி. இந்த அமைதியில் எனக்குப் பயமில்லை. அவர் உள்பக்கம் திரும்பிவிட்டார், கன்னிமாரைப் பார்த்துக்கொண்டிருக்கிறார் என்று வாசலில் நின்ற எனக்கே தெரிந்தது.

வெளியே வரும்போது நேராகத்தான் நடந்து வந்தார். முழங்கால் வரை ஈரம், துண்டில் ஒட்டடை, இரண்டு கையும் காலி. முகத்தில் வெயில் பட்டதும் கண்ணைச் சுருக்கிக்கொண்டு சிரித்தார். செவ்வந்தி அவர் முன்னால் குதித்து, “எங்க குனிஞ்ச பெரிம்மா? எங்க நிமுந்த?” என்று மணிக்கட்டைப் பிடித்தாள். எல்லோரும் சுற்றி நின்றார்கள். இத்தனை வருஷமாகக் குகையைப் பற்றி வாய் ஓயாமல் பேசியவருக்கு அன்றைக்குப் பேச்சு வரவில்லை.

“இருட்டுன்னா நான் வேற இன்னாவோ நெனச்சிக்கினு இருந்தேன்” என்றார் கடைசியில், என்னிடம் மட்டும். “அது ஈரமா, சில்லுனு, கால வெச்சா அப்டியே புடிச்சிக்குது. நம்ம சேறு மாதிரிதான் இருக்குது.” சொல்லும்போது கண் நிறைந்துவிட்டது. எனக்கும்தான். இரண்டு பேரும் அதைத் துடைத்துக்கொள்ளவில்லை.

பசி எடுத்துவிட்டது, புளிச்சோற்றைப் பிரிக்கலாம் என்று பேச்சு எழுந்தது. நான் அவசரமாகச் செல்போனை எடுத்தேன். “எல்லாரும் வாசல்ல வரிசையா நில்லுங்க, ஒரு படம் எடுத்துடறேன்” என்றேன். குரல் எனக்கே கொஞ்சம் கூடுதல் உற்சாகமாகத்தான் கேட்டது.

கொளஞ்சியக்கா வரிசையில் நிற்கவில்லை. என் முகத்தைக் கொஞ்ச நேரம் உற்றுப் பார்த்தார். கிட்டே வந்து என் கையிலிருந்த செல்போனை வாங்கிச் செவ்வந்தியிடம் கொடுத்தார். என் துப்பட்டாவை எடுத்து இடுப்பைச் சுற்றி இறுக்கி முடிந்தார். பிறகு இரண்டு ஈரக் கையாலும் என் தோள்களைப் பிடித்து, குகைக்கு முதுகாக என்னைத் திருப்பி நிறுத்தினார்.